எனக்குக் கக்குவான் வந்த வருஷம்

கக்குவான் இருமல் எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நமக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. எழுபதைத் தாண்டிய நம்மில் பாதிப் பேருக்கு அது வந்திருக்கும். வராதவர்களும் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகக் கேட்டிருப்பீர்கள். பத்துப் பதினைந்து இருமல் மூச்சுவிட இடமில்லாமல் அடுத்தடுத்து வரும். நெஞ்சில் இருக்கிற காற்றெல்லாம் போய்விடும். பிறகு ஒரு கணம் ஒன்றுமே இருக்காது. அதற்கப்புறம், எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுற்றுவது போல ஒரு சத்தத்தோடு காற்று உள்ளே போகும். கேட்பவர்களுக்கு அந்தச் சத்தம்தான் பயம். வந்தவர்களுக்குத் தெரியும், பயம் அந்தச் சத்தத்துக்கு முந்திய கணத்தில் இருக்கிறது.

எனக்கு அது வந்தபோது வயது எட்டு. நாலாம் வகுப்பு படித்தேன். புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். நோட்டில் திருச்சி ஜில்லா என்று எழுதுவோம். பெரியவர்கள் மட்டும் பேச்சுவாக்கில் 'நம்ம சமஸ்தானத்துல' என்பார்கள். குடுமியான்மலைக்கு அந்தண்டை ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு வேலை. அப்பாவுக்குத் திருச்சியில் வேலை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டு, மறுநாள் விடிகிற பஸ்ஸில் போய்விடுவார். அந்த ஊரில் எங்களுக்கு உறவென்று ஒருவரும் கிடையாது.

பள்ளிக்கூடம் என்பது ஓட்டுக்கூரை போட்ட ஒரே நீளக் கூடம். ஐந்து வகுப்பும் அதற்குள்ளேதான். வாத்தியார்கள் இரண்டு பேர்: பெரிய வாத்தியாரும் என் அம்மாவும். அந்த வருஷம் பெரிய வாத்தியாரை டிரெயினிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். மாற்று ஆள் வருவார் என்றார்கள், வரவில்லை. மதியச் சாப்பாடு போடும் திட்டம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. பள்ளிக்கூடம் திறந்தால் உலை வைப்பார்கள். டீச்சர் லீவு என்றால் கதவு பூட்டு, உலையும் இல்லை. வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தச் சோற்றுக்காகவே வந்தவர்கள். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இன்னும் கொஞ்ச நேரத்தில் என் அம்மாவைப் பற்றி நீங்கள் கடுமையாக நினைக்கப் போகிறீர்கள். நினைக்கும்போது இதுவும் தெரிந்திருக்கட்டும்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டிவிட்டால் அவளை நான் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மறந்து 'அம்மா' என்றால் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு. எல்லாரிடமும் கண்டிப்புதான். நோய் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஒரு தடவை மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பொன்னுக்கு வீங்கியோடு, காதோரம் வேப்பிலையும் மஞ்சளும் அப்பிக்கொண்டு வந்தாள். அம்மா அவளை வாசற்படி ஏறவிடவில்லை. "வீங்கினது வத்துற வரைக்கும் இங்கிட்டு வரக்கூடாது. ஒன்னால அம்பது புள்ளைக்கு வரும்" என்று அங்கேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். அந்தப் பெண் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதபடி போனாள். சோறு போச்சே என்ற அழுகை அது. அம்மா செய்தது சரி என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.

என் பக்கத்தில் உட்காருகிறவளை நான் கூட்டாளி என்றே சொல்கிறேன். ஊரில் எல்லாரும் எங்களை அப்படித்தான் சொல்வார்கள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். அவளுடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் வேலைக்குப் போனால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வருவார். ஆத்தா விடிந்ததும் களை எடுக்கவோ கடலை பறிக்கவோ போய்விடுவாள். ஆறு மாதத்துத் தம்பிப்பயல் ஒருவன் இருந்தான். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் கூட்டாளி பள்ளிக்கூடம் வருவாள். அம்மா அதற்கு ஒன்றும் சொன்னதில்லை. "தம்பிய வச்சுக்கிட்டாவது வரட்டும், வராம இருக்கிறதுக்கு" என்பாள். ஜன்னல் கம்பியிலும் பக்கத்துத் தூணிலும் பழைய சேலையை முடிந்து தூளி கட்டிக் கொடுத்ததும் அம்மாதான். கூட்டாளி வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே காலால் தூளியை உந்திவிடுவாள். அவள் கணக்குப் போடக் கரும்பலகைக்குப் போனால் நான் உந்துவேன். அவன் மேல் எப்போதும் பால் கவிச்சியும் வசம்பு வாசனையும் இருக்கும். என் சிலேட்டின் மரச்சட்டத்தைக் கடித்துக் கடித்து ஒரு மூலையை ஊறவைத்திருந்தான்.

ஐப்பசி மழையில் எனக்குச் சளி பிடித்தது. கார்த்திகை பிறந்தும் விடவில்லை. முதலில் சாதாரண இருமல். அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தாள். பிறகு இருமல் தொடர்ந்தாற்போல வர ஆரம்பித்தது. சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு சனிக்கிழமை அம்மா என்னை அன்னவாசல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மிக்சர் வாங்க வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பாட்டிலின் பக்கவாட்டில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டித் தருவார்கள். உங்களுக்கு அது நினைவிருக்கும்.

டாக்டருக்கு முன்னாலேயே எனக்கு இருமல் வந்தது. அவர் ஸ்டெதாஸ்கோப்பைக்கூட வைத்துப் பார்க்கவில்லை.

"கக்குவான்" என்றார். "ரெண்டு மாசம் இழுக்கும். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது. முக்கியமா, கைக்குழந்தை இருக்கிற பக்கமே போகக் கூடாது. பெரிய புள்ள தாங்கிக்கிரும். கைக்குழந்தை தாங்காது."

"நான் டீச்சருங்க. வீட்ல பாத்துக்கிற ஆளு இல்லைங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல நான் ஒருத்திதாங்க."

"லீவு போடுங்கம்மா."

"போட்டா இழுத்து மூடிருவாங்க. அறுவது புள்ளைக."

டாக்டர் எழுதிக்கொண்டே, "நான் சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றார். அவர் வேறு என்ன சொல்ல முடியும்? வெளியே வரிசை ரோடு வரை நின்றது.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா என் காதுக்குள் சொன்னாள். "யாராச்சும் கேட்டா சளின்னு சொல்லு. வறட்டு இருமல்னு சொல்லு. தெரியுதா?" நான் தலையாட்டினேன். எனக்கு முதலில் பயம் வந்தது அப்போதுதான். நோயைப் பற்றி அல்ல. அம்மா பொய் சொல்லச் சொல்கிறாளே என்று.

பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போகாமல் இருக்க அவள் முயற்சி செய்யவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை என்னை வீட்டில் விட்டாள். கஞ்சி, வெந்நீர்ச் செம்பு, வாந்தி எடுக்க ஒரு சட்டி எல்லாம் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெளியே போய்விடுவேனோ என்று கதவைப் பூட்டிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். வாய்ப்பாடு சொல்லும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

முற்பகலில் எனக்கு ஓர் இருமல் வந்தது. அதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிய ஒன்று. இருமல் நின்றது, மூச்சு உள்ளே வரவில்லை. வாயைத் திறந்து திறந்து பார்த்தேன். கதவை நோக்கித் தவழ்ந்தேன். பூட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கதவின் கீழ்ப்பக்கம் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அதில் வாயை வைத்து மண்ணோடு மண்ணாகக் காற்றை இழுக்கப் பார்த்தேன். வீட்டு ஓடுகளெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது வரை நினைவிருக்கிறது. மதியம் அம்மா வந்து கதவைத் தள்ளியபோது, கதவு என் தலையில் இடித்து நின்றது. அவள் உள்ளே வர முடியாமல் வெளியே நின்று என் பேரைச் சொல்லிக் கத்தினாள். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கண்ணாடியைக் காட்டச் சொல்லி நான் அழுத பிறகுதான் காட்டினாள். என் இடது கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தமாக இருந்தது. இருமிய வேகத்தில் உள்ளே சின்ன ரத்தக்குழாய் உடைந்திருக்கிறது. ஒன்றும் ஆபத்தில்லை, தானே சரியாகிவிடும் என்று இன்று தெரியும். அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். "எங்கூட வா" என்றாள். "என் கண்ணு முன்னாடி இரு. மத்தது நடக்கிறது நடக்கட்டும்."

பள்ளிக்கூடத்தில் என்னைத் தன் நாற்காலிக்குப் பின்னால், அரிசி மூட்டை ஓரத்தில், தனிப் பலகையில் உட்காரவைத்தாள். பிள்ளைகள் என் கண்ணையே பார்த்தார்கள். சமையல்காரம்மா அம்மாவிடம் கேட்டார், "என்னங்க டீச்சர், புள்ளைக்குக் கக்குவானுங்களா?"

அம்மா வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இல்லம்மா. வறட்டு இருமல். கண்ணுல தூசி விழுந்து கசக்கிட்டா."

மதிய மணி அடித்ததும் கூட்டாளி தம்பியைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். அவனுக்கு என்னைப் பார்த்ததும் காலை உதறுகிற பழக்கம். என் பக்கமாகச் சாய்ந்து கையை நீட்டினான்.

"கிட்ட வராத" என்றேன்.

"ஏன்டி?"

"வராதன்னா வராத. போ அங்கிட்டு."

காரணம் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கூட்டாளி தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "டீச்சர் பொண்ணுன்னு பவுசு வந்துருச்சு ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் வேறு பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் மூட்டை ஓரத்தில் ஒற்றையாக உட்கார்ந்து, சோற்றை விழுங்கினால் இருமல் வருமே என்று ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருந்தேன். இருமல் வரப்போகிறது என்பது தொண்டையில் முன்கூட்டியே தெரியும், ஓர் அரிப்புப் போல. உடனே எழுந்து வெளியே ஓடி, பின்பக்கச் சுவரோரம் குனிந்துகொள்வேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை. அம்மா பாடத்தை நிறுத்தாமலே சத்தத்தை உயர்த்துவாள். என் இருமல் பிள்ளைகளுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக.

இப்படி ஐந்தாறு நாள் போனது. கூட்டாளிக்கு என்மேல் கோபம் தணியவில்லை. ஆனால் கோபத்தை நெடுநாள் வைத்துக்கொள்ள அவளுக்கு வசதியும் இல்லை. ஒரு நாள் அம்மா அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டாள். தம்பி தூளியில் இருக்க மாட்டேன் என்று வீறிட்டான். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். நான்தான் சும்மா இருந்தேன். விறுவிறு என்று வந்து அவனை என் மடியில் வைத்தாள்.

"சித்த புடிச்சுக்க. கணக்கைப் போட்டுட்டு வாரேன்."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டாள். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கணக்கை எழுதிக்கொண்டிருந்தாள். அவன் அழுகையை நிறுத்திவிட்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்தான். அவன் கனம் மடியில் இறங்கியதும் எனக்கு அழுகை வந்தது. அவனை அவ்வளவு நாள் தொடாமல் இருந்திருக்கிறேன். அப்போது தொண்டையில் அந்த அரிப்பு.

அவனைத் தரையில் விடலாம் என்று பார்த்தேன். பொத்தானை விடமாட்டேன் என்கிறான். முகத்தைத் திருப்பினேன். முதல் இருமலை அடக்கினேன். இரண்டாவதை அடக்கினேன். மூன்றாவது வந்தது, அதோடு எல்லாம் வந்தது. என் உடம்பு முன்னால் மடங்க, அவன் என் முகத்துக்குக் கீழே இருந்தான். நான் அவனை விழாமல் பிடித்திருந்தேன் என்பதுதான் நான் செய்த ஒரே காரியம். மூச்சு திரும்பி வந்து கண்ணைத் திறந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். அவன் கன்னத்திலும் உதட்டிலும் என் எச்சில் தெறித்திருந்தது. பாவாடை நுனியால் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தேன். கூட்டாளி திரும்பி வந்து, "ஏன்டி அவன் மூஞ்சிய இப்புடிப் போட்டுத் தேய்க்கிற, தோலு உரிஞ்சிரும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியாது. அதற்குப் பின்வந்த நாட்களில் என்னுடைய வேலை அவனைப் பார்ப்பது ஒன்றுதான். மூட்டை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு தூளியையே பார்ப்பேன். அவன் தும்மினால் எழுந்து எட்டிப் பார்ப்பேன். காலையில் கூட்டாளி தெரிகிற வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு நாள், ஐந்து நாள் ஆயிற்று. அவன் நன்றாகவே இருந்தான். தப்பித்துவிட்டான் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து மூக்கு ஒழுகியது. எல்லாக் குழந்தைக்கும்தானே ஒழுகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு லேசாக இருமினான். இரண்டே இரண்டு இருமல். அவனுக்கு அந்த ராட்டினச் சத்தம் வரவில்லை. அதனால் இது கக்குவான் இல்லை என்று பிடிவாதமாக நம்பினேன். அவ்வளவு சின்னக் குழந்தைக்கு அந்தச் சத்தத்தை எழுப்பப் பலமே இருக்காது, சத்தமில்லாமல் மூச்சு நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது.

மார்கழி நடுவில் கூட்டாளி வருவது நின்றது. முதல் நாள் அம்மா அவள் பேரைக் கூப்பிட்டபோது, "வரலீங்க டீச்சர்" என்றார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. அம்மாவின் பென்சில் அந்த இடத்தில் நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் மதியம், எல்லாரும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, நான் யாரிடமும் சொல்லாமல் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். ஊரின் தெற்கு ஓரத்தில் கீற்று வேய்ந்த ஒற்றை அறை. வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். உள்ளே ஆத்தா காலை நீட்டி உட்கார்ந்து அவனைக் காலில் போட்டிருந்தாள். வேலைக்குப் போகவில்லை. அவன் கையில் கறுப்புக் கயிறு, நெற்றியில் திருநீறு.

"சீரு தட்டிருக்கு" என்றாள் ஒருத்தி. கைக்குழந்தைக்குத் தோஷம் பட்டால் அப்படிச் சொல்வார்கள். "எதையோ பாத்துப் பயந்துருக்கு" என்றாள் இன்னொருத்தி. மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

அப்போது அவன் உடம்பு விறைத்தது. சின்னதாக நாலு இருமல். வாய் திறந்தபடி நின்றது. உதடு நீலமாக மாறுவதை நான் பார்த்தேன். நாவற்பழம் தின்ற வாய் போல ஆனது. ஆத்தா அவனைத் தூக்கிக் குலுக்கினாள், முதுகில் தட்டினாள், "சாமி, சாமி" என்று அலறினாள். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அந்த ஓசையில்லாத கணத்துக்குள் அவன் தனியாக இருக்கிறான் என்று தெரியும். அவன் பூனைக்குட்டி போல ஒரு சத்தத்தோடு மூச்சை இழுத்தபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது பயம் இல்ல" என்றேன். முதலில் யாருக்கும் கேட்கவில்லை. "அது கக்குவான். எனக்குக் கக்குவான். டாக்டர் சொன்னாரு. என்கிட்டருந்துதான் அவனுக்கு வந்துச்சு. நான் அவன் மூஞ்சியில இருமிட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். கூட்டாளி அடுப்படியில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

ஆத்தா கேட்டாள்: "டாக்டரு எப்பச் சொன்னாரு?"

"கார்த்திகையில."

"டீச்சரம்மாவுக்குத் தெரியுமா?"

யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் "தெரியும்" என்றேன்.

ஆத்தா எழுந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நடந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கூட்டாளி, கடைசியில் நான். பள்ளிக்கூட வாசலில் ஆத்தா நின்றாள். படி ஏறவில்லை. உள்ளே ஐந்தாம் வகுப்புக்குச் செய்யுள் நடந்துகொண்டிருந்தது.

"டீச்சரம்மா."

அம்மா புத்தகத்தோடு வெளியே வந்தாள்.

"ஒங்க மக சொல்றது நெசமாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளை உளறுகிறது என்றால் ஊர் நம்பியிருக்கும். அவள் டீச்சர். இல்லை என்று சொல்லிவிடு என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்ன நானே அப்படி வேண்டிக்கொண்டேன்.

"நெசந்தான்" என்றாள் அம்மா. புத்தகத்தை மூடினாள். "குடு அவன என்கிட்ட."

ஆத்தா கொடுக்கவில்லை. "பொன்னுக்கு வீங்கிக்கு எங்க வீட்டுப் புள்ளகள வெரட்டுனீகளே" என்றாள் கூட்டத்திலிருந்து ஒருத்தி. அம்மா பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினாள். நடுமதியத்தில் அந்தக் கதவைப் பூட்டி நான் அன்றுதான் பார்த்தேன். சாவியைச் சமையல்காரம்மாவிடம் கொடுத்தாள். "பஸ்ஸு சாயந்தரந்தான். ரோட்டுக்கு வா" என்று ஆத்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினாள்.

ரோட்டில் கடலை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்தது. டிரைவர் நிறுத்துகிற மாதிரி இல்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையோடு அம்மா ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றாள். லாரி ஹாரன் அடித்தபடி வந்தது, அவள் நகரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரி அவளுக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தது. இருவரும் ஏறினார்கள். புழுதி அடங்கியபோது ரோட்டில் நாங்கள் இருவர் நின்றோம்.

சமையல்காரம்மா எங்களைப் பள்ளிக்கூடத்துக்குள் உட்காரவைத்துவிட்டு விறகு எடுக்கப் போனார். அந்த மதியம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டாளி வெறும் தூளிக்குக் கீழே உட்கார்ந்தாள். நான் எதிர்ச் சுவரோரம். நடுவில் அவ்வளவு பெரிய கூடம். எனக்கு இருமல் வந்தது. வெளியே ஓட வேண்டிய அவசியம் இனி இல்லை. இருமி முடித்து நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புடித்தான் வலிக்குமா?" என்றாள்.

"ம்."

"அவனுக்கும் அப்புடித்தான் வலிக்குமா?"

நான் பாவாடை நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"செத்துருவானா?"

"பெரிய புள்ள தாங்கிக்கிரும்னு டாக்டர் சொன்னாரு" என்றேன்.

"அவனுக்கு?"

மறுபாதியை நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லாததிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அதுக்குத்தான் கிட்ட வராதன்னியா?"

"ஆமா."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல. நான் அவன ஒன் மடியில வச்சிருக்க மாட்டேன்ல."

அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எவ்வளவோ பேர் என்னை எதற்கெல்லாமோ குறை சொல்லியிருக்கிறார்கள். இதைப் போல ஒன்றை யாரும் சொன்னதில்லை.

பொழுது சாயும் நேரத்து பஸ்ஸில் அம்மா மட்டும் வந்தாள். சேலை முந்தானையெல்லாம் வாந்தி. ஆத்தாவும் பிள்ளையும் இல்லாமல் அவள் ஒற்றையாக இறங்கியதும் கூட்டாளி அலறிவிட்டாள். அம்மா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "இருக்கான்டி, இருக்கான். பெரியாஸ்பத்திரியில சேத்துருக்கு. மூக்குல குழாய் வச்சு மூச்சுக் குடுக்கிறாக. ஒன் ஆத்தா கூட இருக்கா." லாரியில் போகும்போது இரண்டு தடவை மூச்சு நின்றதாம். அம்மா அவனைத் தலைகீழாகப் பிடித்து, விரலை விட்டுச் சளியை வழித்து எடுத்தாளாம். இது ஆத்தா பின்னால் சொல்லி ஊருக்குத் தெரிந்தது. அம்மா சொல்லவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அதுவரை கூட்டாளி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்கும் லேசாக இருமல் வந்து போனது. ஊரில் இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் இருமினார்கள். பள்ளிக்கூடத்தைத் தை பாதி வரை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எதற்காக அம்மா பயந்தாளோ அது அப்படியே நடந்தது. அந்த நாட்களில் அம்மா எங்கள் வீட்டு முற்றத்தில் தன் கையால் கஞ்சி காய்ச்சி வைத்தாள். சில பிள்ளைகள் வந்து குடித்தார்கள். சில வீடுகளிலிருந்து அனுப்பவில்லை.

பல வருஷம் கழித்து, எனக்கே பிள்ளைகள் பிறந்து, அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு என்னோடு இருந்த அம்மா திடீரென்று கேட்டாள்: "ஒன்ன பூட்டி வச்சுட்டே போயிருக்கணுமா நான்?" இருபது வருஷமாக எங்களுக்குள் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. லீவு போட்டிருக்கலாம், சமையல்காரம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம், கூட்டாளியின் ஆத்தாவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். எனக்கு எல்லாம் தோன்றியது. கதவுக்குக் கீழே வாயை வைத்துக் கிடந்ததும் தோன்றியது. "தெரியலம்மா" என்றேன். அவள் பேத்தியின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டாள்.

அந்த வருஷம் மாசியிலேயே அம்மாவுக்கு மாற்றல் வந்துவிட்டது, கந்தர்வகோட்டைப் பக்கம். பெரிய வாத்தியார் திரும்பி வந்து பொறுப்பேற்றுக்கொண்டார். எனக்கு அதற்குள் இருமல் அநேகமாக விட்டுவிட்டது. ஓடினால் மட்டும் வரும். பள்ளிக்கூடம் திறந்தும் கூட்டாளி வரவில்லை. கைப்பிள்ளையை இனிமேல் அந்தக் கூட்டத்துக்குள் விடமாட்டேன் என்று ஆத்தா சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆத்தா வேலைக்குப் போயாக வேண்டும். அவனை வீட்டில் வைத்துப் பார்க்கிற ஆள் கூட்டாளி ஒருத்திதான். அம்மா இரண்டு தடவை போய்க் கேட்டுப் பார்த்தாள். ஆத்தா மரியாதையாக மோர் கொடுத்து உட்காரவைத்தாள். "அவ வரமாட்டாங்க டீச்சரம்மா" என்று மட்டும் சொன்னாள். நாலாம் வகுப்பு பாதியோடு அவள் படிப்பு முடிந்தது. பின்னக் கணக்கு வரை வந்திருந்தாள். என்னைவிட வேகமாகப் போடுவாள்.

நாங்கள் ஊரைவிட்டுப் போன அன்று காலை பஸ் நிறுத்தத்தில் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். சாமான்களை மேலே ஏற்றினார்கள். கூட்டாளியும் வந்தாள். கூட்டத்தோடு சேராமல் புளியமரத்தடியில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் மெலிந்து கண் பெரிதாக இருந்தான். நான் பஸ்ஸில் ஏறாமல் அவளிடம் ஓடினேன். ஓடியதால் தொண்டையில் ஒரு செருமல் வந்தது, வெறும் செருமல்தான். அவன் என்னை அடையாளம் கண்டு காலை உதறி, என் பக்கம் கையை நீட்டினான்.

கூட்டாளி சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள், கோபமே இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனாள். உள்ளங்கையால் அவன் முகம் முழுவதையும் மூடித் தன் தோளுக்குள் திருப்பிக்கொண்டாள்.